மருந்து போட்டாச்சு

ஓகஸ்ட் 3, சனி

நிலானி ஒட்டாவாவிலிருந்து ஒரு நாட்குறிப்பு வாங்கி அனுப்பியிருக்கிறாள். திகதி, கிழமையெல்லாம் அச்சடித்தே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எழுத வேண்டுமாம். “நாலு வரியெண்டாலும் எழுதுங்கோ அப்பா. தெரியாத ஆளுக்குச் சொல்லுற மாதிரி எழுதுங்கோ. மூளைக்கு நல்லது.” அறுபத்திரண்டு வயதில் மகள் தகப்பனுக்கு வீட்டுப்பாடம் தருகிறாள். செய்யாவிட்டால் பிரம்படியும் கிடைக்கும் போலிருக்கிறது.

தெரியாத ஆளே, வணக்கம். என் பெயர் குகதாசன். மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளை நிறுத்துப் பார்க்கும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு கேக் வெட்டி, கை குலுக்கி, இனி ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வு கேட்கவில்லை. மனைவி தவமலர் ஸ்காபரோவில் நகர பஸ் ஓட்டுகிறாள். சனி ஞாயிறில் கைத்துவக்குப் போட்டிகளில் ஓடி ஓடிச் சுடுகிறாள், மட்டை இலக்குகளைத்தான். நானோ வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிறவன். ஊரில் பதுங்குகுழிக்குள் நடுங்கியது போதாதென்று இங்கே கனடா தினத்து வாணவேடிக்கைக்கும் நடுங்குகிறேன். ஆனால் அவள் சுடும் ரவைகளைச் செய்வது நான்தான்.

ரவை செய்வது சமையல் போன்றது. சுட்டு விழுந்த வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி, கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை, அதாவது சன்னத்தை, அமுக்கி மூட வேண்டும். மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால் எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு கோதுக்கும் மருந்து விழுந்ததும் வாய்விட்டுச் சொல்வேன்: “மருந்து போட்டாச்சு.” மேலே குசினியிலிருந்து தவம் கேட்பாள், “அங்கை கீழை என்ன, ஆஸ்பத்திரியோ நடத்துறியள்?”

செப்டெம்பர் பதினான்கில் மாகாணப் போட்டி. அதில் முன்னுக்கு வந்தால் உலகப் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியில் தவத்துக்கு இடம். அங்கே ரவைக்கும் பரீட்சை உண்டு. அதிகாரி அவள் பையிலிருந்து எட்டு ரவை எடுப்பார். ஒன்றை உடைத்துச் சன்னத்தை நிறுப்பார். மூன்றைச் சுட்டு வேகம் பார்ப்பார். எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இன்னும் மூன்று சுடுவார். அதுவும் தவறினால் கடைசி ஒன்றைச் சுடுவதா நிறுப்பதா என்று போட்டியாளரே சொல்லலாம். எல்லாம் தவறினால் நாள் முழுக்கச் சுடலாம், புள்ளி மட்டும் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்புவது மாதிரி. மெல்லிய ரவை போட்டு, துவக்கு உதைக்காமல் சொகுசாகச் சுடுகிற கள்ளர்களைப் பிடிக்கத்தான் இந்த விதி. என்னுடைய சன்னம் 124 கிரெயின் நிறை. என் கணக்கு எப்போதும் 129இல் வந்து நிற்கும். ஒருநாளும் தவறியதில்லை.

நாலு வரி கேட்டாள். நாற்பது வரி ஆகிவிட்டது.

ஓகஸ்ட் 5, திங்கள்

புல்லு வெட்டினேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தவம் இன்றைக்கு என்னை நினைத்து நினைத்துத் தண்ணீர் குடித்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. முன்பென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

ஓகஸ்ட் 8, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாகாணப் போட்டிக்கான ரவைகளைச் செய்துகொண்டிருந்தேன். தட்டு நிறையக் கோதுகளை நிறுத்திவைத்து வரிசையாக மருந்து போட்டுக்கொண்டு போனேன். பாதியில் வாசல் மணி அடித்தது. பார்சல்காரன். கையெழுத்துப் போட்டு, கதவைச் சாத்தி, கீழே வந்து இருந்து, அடுத்த கோதிலிருந்து தொடங்கினேன். எல்லாவற்றையும் மூடினேன். பெரிய டப்பாவுக்குள் மற்றவற்றோடு கொட்டினேன். கொட்டிய பிறகுதான் யோசித்தேன். அடுத்த கோது என்று எதை வைத்துத் தொடங்கினேன்? போட்ட வரிசைக்கே மறுபடியும் போட்டேனா? மூடுவதற்கு முன் உள்ளே ஒருக்கால் எட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. “மருந்து போட்டாச்சு” என்ற என் குரல் காதில் இருக்கிறது. அது இன்றைய குரலா நேற்றைய குரலா என்று தெரியவில்லை.

மருந்து விழாத ரவை என்றால் சன்னம் குழலுக்குள் சிக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மருந்து இரண்டு தரம் விழுந்த ரவை என்றால் அடுத்தது வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பிடித்திருக்கும் கையிலேயே வெடிக்கும். தவத்தின் கை. தவத்தின் கண்.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டுக்கொண்டு தவம் கீழே வந்தாள்.

“ஓம், முடிஞ்சுது” என்றேன்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி சித்திரை மாதத்திலிருந்து அவளிடம்தான். சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், உரிமக்காரரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்றாள். அதுவும் சரிதான்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

நிறுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள், தெரியாத ஆளே. தெரியாது. என் கோதுகள் பல இடத்தில் பொறுக்கியவை. பத்துக் கொம்பனி, பத்துக் கனம். கோதுக்குக் கோது உள்ள வித்தியாசத்துக்குள் மருந்தின் நிறை ஒளிந்துகொள்ளும். ஒரே வழி, எல்லாவற்றையும் உடைத்துப் பார்ப்பது. அதற்குச் சாவி வேண்டும். சாவிக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

காரணத்தைச் சொன்னால் என்ன? அடுத்த கேள்வி கேட்பாள். ஒரு மணிச்சத்தத்துக்கு எல்லாம் மறந்துபோகுமா ஒரு மனிதனுக்கு என்று கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ரவையைப் பற்றி மட்டும் அல்ல. வேறு எதைப் பற்றி என்று எழுத மாட்டேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பயிற்சிக்குப் போனோம். வழக்கமாக நான் காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு காருக்குள் இருப்பேன். இன்று அவளுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடினேன். திறந்து, கை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி மூடினேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“என்னப்பா, முகம் வெளுத்துப்போச்சு? தேத்தண்ணி குடிச்சனியளோ?”

“குடிச்சனான், குடிச்சனான். நீர் பாத்துச் சுடும், தவம்.”

நீர் சுடும் என்று சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. முடிந்ததும் கோது பொறுக்கினேன். எல்லாம் புதிது, பளபளவென்று, அடியில் ஒரே முத்திரை. பக்கத்தில் யாரோ கடை ரவை சுட்டிருக்க வேண்டும். நம்முடையவை எங்கே உருண்டு போயினவோ. லாபம்தான் என்று வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

நிலானி போன் எடுத்தாள். “அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?” முந்தியும் இதையே கேட்டாள். அவள் வீட்டில் கலண்டர் இல்லையா? “புதன்” என்றேன். பேச்சை மாற்றிப் பேத்தியின் நீச்சல் வகுப்பைப் பற்றிச் சொன்னாள்.

தவத்தின் தம்பி மகனுக்கு ஐப்பசியில் கல்யாணம், மொன்றியலில். அழைப்பிதழ் வந்தது. தவத்திடம் கொடுத்தேன், துள்ளிக் குதித்தாள். என்ன சேலை என்பதுவரை பேச்சுப் போய்விட்டது.

ஓகஸ்ட் 16, வெள்ளி

நல்ல சேதி. தவத்தின் தம்பி மகனுக்குக் கல்யாணமாம், மொன்றியலில். குசினி மேசையில் அழைப்பிதழ் கிடந்தது. வேலையால் வந்ததும் வராததுமாகத் தவத்துக்குச் சொன்னேன். “அப்பிடியோ? நல்லது” என்றாள், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணம்! சந்தோசத்தைக் கூடவா அளந்து செலவழிப்பது?

ஓகஸ்ட் 18, ஞாயிறு

மறுபடியும் பயிற்சி, மறுபடியும் நான் பின்னால். நடுவில் ஒரு சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. கதிரையோடு விழுந்தேன். பார்த்தால் பக்கத்து வரிசையில் ஒருவர் பெரிய துவக்கு ஒன்றைச் சுட்டிருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆட்கள் சிரித்தார்கள். தவம் சிரிக்கவில்லை. துவக்கை வெறுமையாக்கி உறையில் வைத்துவிட்டு வந்து என் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

திரும்பும்போது காருக்குள் வாயெடுத்தேன். “தவம், அந்த ரவையள்…”

“ஓம், நல்லாப் போகுது. உங்கடை ரவையைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை.”

கண்ணைத் தெருவில் வைத்தபடி சொன்னாள். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? சித்திரையில் ஒருநாள் போட்டியிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள், துவக்கில் கோளாறு, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று. அன்றைக்கும் இதே குரலில்தான் பேசினாள். ஏன் இப்போது அது ஞாபகம் வந்ததென்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 27, செவ்வாய்

தவம் எனக்கு டொக்டரிடம் நாள் எடுத்து வைத்திருக்கிறாள். “சும்மா ஒரு செக்கப்தான்” என்றாள். அட்டையைப் பார்த்தேன். ஞாபகசக்தி பார்க்கிற டொக்டர். எனக்கென்ன? கிழித்துக் குப்பையில் போட்டேன். கையும் கண்ணும் போகப்போவது அவளுக்கு, டொக்டர் எனக்காம்.

பின்னேரம் கம்ப்யூட்டரில் வெடித்த கைத்துவக்குகளின் படங்களைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரும்பு வாழைப்பூ மடல்போல விரிந்து கிடக்கிறது. ஒரு படத்தில் கையும் இருந்தது.

செப்டெம்பர் 4, புதன்

தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பில் கருகிப்போனது. வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். ஒளித்துவைக்கலாம் என்று கராஜுக்குள் கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே கருகிய கேத்தல் ஒன்று இருக்கிறது.

செப்டெம்பர் 8, ஞாயிறு

இன்று பயிற்சி இல்லை. போட்டிக்கு முன் கைக்கு ஓய்வு என்றாள். ஓய்வில் இடியப்பம் பிழிந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலடியில் துவக்கு உதைத்து உதைத்துக் காய்த்துப்போன இடம். சுண்டுவிரலில் ஸ்டீயரிங் தழும்பு.

எனக்குள் ஒரு வக்கீல் இருக்கிறான். இரண்டு ஞாயிறு சுட்டாளே, ஒன்றும் நடக்கவில்லையே, ஒருவேளை நீ பிழையே விடவில்லையோ என்கிறான். நான் அவனை நம்பப் பார்க்கிறேன். பிறகு டப்பாவில் மீதியிருப்பது நினைவுக்கு வருகிறது. சுட்டது போக மீதிக்குள்தான் அது இருக்கிறது என்று ஆகிறது. சுடச்சுட மற்றவை குறையும், அது மட்டும் கிட்டக் கிட்ட வரும்.

இன்று சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். இடியப்பத்தைத் தட்டில் வைத்து, சொதி ஊற்றி, “சாப்பிடுங்கோ, ஆறப்போகுது” என்றாள். சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 13, வெள்ளி

வடக்கே, போட்டி நடக்கிற ஊரில் மோட்டல். தவம் பையைத் தானே அடுக்கினாள். நான் கிட்டப் போனபோது, “நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்” என்றாள். காலையில் சொல்வேன். கட்டாயம் சொல்வேன்.

செப்டெம்பர் 14, சனி

காலையில் சொல்லவில்லை.

பனி மூட்டம். தவம் வரிசையில் நிற்கும்போதே ஓர் அதிகாரி வந்து அவள் பையிலிருந்து எட்டு ரவை எடுத்து, அவளுடைய இலக்கம் எழுதிய பைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டு போனார். பிறகு அவள் இரண்டு சுற்றுச் சுட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கந்தசஷ்டி கவசத்தில் தெரிந்த வரியையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அடுத்த வரி வரவில்லை.

மத்தியானம் ரவை சோதிக்கும் கூடாரம். அங்கே போட்டியாளரின் துணைக்கும் போக விடுவார்கள். மேசையில் ரெய்னால்டோ இருந்தார். பிலிப்பீன்காரர், எங்களைச் சில வருடமாகத் தெரியும். “மிஸ்டர் குகா! இன்றைக்கும் 129ஆ?” என்று சிரித்தார். நான் பல்லைக் காட்டினேன்.

ஒரு ரவையைச் சுத்தியல் போன்ற கருவிக்குள் வைத்து மரக்கட்டையில் அடித்தார். சன்னம் கழன்றது. தராசில் வைத்து இலக்கத்தை எழுதிக்கொண்டார். நான் இலக்கத்தைப் பார்க்கவில்லை, கோதிலிருந்து கொட்டிய மருந்தைப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது. ஒன்று தப்பியது.

பிறகு தவத்தின் துவக்கில் மூன்றை நிரப்பினார். சோதனையில் சுடுவது அதிகாரிதான். வேகம் பார்க்கும் கருவிக்கு நேரே கையை நீட்டினார். தடித்த விரல்கள், கல்யாண மோதிரம் சதைக்குள் இறுகிப்போய் இருந்தது. மேசையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி. மூடியில் ஏதோ குழந்தை ஒட்டிய மீன் படம்.

வெட்கக்கேட்டை எழுதுகிறேன். தவத்தின் கை என்றபோது ஐந்து கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். ஊரார் கை என்றதும் பொறுக்க முடியவில்லை. என் பெண்டாட்டியின் கை அவ்வளவு மலிவா எனக்கு? இல்லை. அவளிடம் சொல்வதென்றால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் பயம்.

“சுடாதேங்கோ!” என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலிசில் சொன்னேன். “அதை நான் செய்தேன். சிலதுக்கு இரண்டு தரம் மருந்து போட்டிருப்பேன். போட்டேனா இல்லையா என்று தெரியாது. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை.”

அப்படி முழுதாக அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை.

ரெய்னால்டோ துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்தார். சிரிப்புப் போய்விட்டது. “மேடம், நான் தலைமை அதிகாரியைக் கூப்பிட வேண்டும். பாதுகாப்பில்லாத ரவை என்றால் உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்வார்.” எல்லாவற்றையும் ஒதுக்கினால் அவள் எதைச் சுடுவது? தவத்தின் போட்டி முடிந்தது. நான்தான் முடித்துவைத்தேன்.

தவம் என் பக்கம் திரும்பவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மெதுவாக. “அதிலை என்ன இலக்கம் எண்டு பாருங்கோ.”

115.

“தராசு பிழை” என்றேன்.

“தராசு சரியப்பா.”

என்னுடைய சன்னம் 124. எதை மறந்தாலும் அதை நான் மறக்கவில்லை. மேசையில் கிடந்த மற்ற ரவைகளைக் கையில் எடுத்துத் திருப்பினேன். எல்லாம் புதிது, பளபளவென்று, அடியில் ஒரே முத்திரை. வாளி வாளியாக நானே பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோன அதே முத்திரை.

தவம் பையின் அடியிலிருந்து கடைப்பெட்டி ஒன்றை எடுத்து ரெய்னால்டோவின் முன்னால் வைத்தாள். “இவர் செய்தது ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் கடையில் வாங்கியது” என்று இங்கிலிசில் சொன்னாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னாள். “சித்திரையிலை இருந்து.”

தலைமை அதிகாரி வந்தார். பெட்டியையும் முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார், அவள் பை முழுவதையும் கிளறினார், சரி என்றார். ரெய்னால்டோ மூன்றைச் சுட்டார். 131. தாளில் குறித்துவிட்டு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அதே கை, மோதிரத்தோடு. நான் அழுதேன், ஆட்களுக்கு முன்னால், மூக்கெல்லாம் ஒழுக.

ஐந்து கிழமை நான் பயந்து செத்த ரவைகளில் ஒன்றுகூட அவள் துவக்குக்குள் போகவில்லை. அப்படியென்றால் பயம் போக வேண்டுமே. போகவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது ரவையைவிடப் பெரிய பயமாக வந்து நிற்கிறது. நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் மறைவாக இருந்திருக்கிறது.

செப்டெம்பர் 15, ஞாயிறு

தவம் மூன்றாவதாக வந்தாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது. வரும் வழியில் காரை அவள்தான் ஓட்டினாள்.

“சித்திரையிலை என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“பக் எண்டு ஒரு சத்தம். ரவைக்குள்ளை மருந்து இல்லை. நான் அடுத்ததை அமத்தப் போனன், நல்ல காலம், அதிகாரி நிப்பாட்டினவர். சன்னம் குழலுக்குள்ளை நிண்டது.”

“ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

ஒரு லொறி எங்களை முந்திக்கொண்டு போனது.

“அந்த மேசையிலை இருக்கேக்கை நீங்கள் நீங்களா இருக்கிறியள்,” என்றாள் கொஞ்சத் தூரம் போன பிறகு. “போட்டாச்சு, போட்டாச்சு எண்டு சத்தம் கேக்கும். எனக்கு அது கேட்டால் போதும். அதையும் பறிச்சுப்போட்டு நான் என்னத்தைத் தாறது?”

“அப்ப நான் செய்த ரவையள் எங்கை?”

“அலுமாரியிலை, பழைய அரிசி வாளியிலை. எறிய மனம் வரேல்லை.”

செப்டெம்பர் 17, செவ்வாய்

உடைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்றாள். எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மேசையில் பழைய பேப்பரை விரித்தோம். அவள் அடிப்பாள், நான் கொட்டிப் பார்ப்பேன். முதலாவது சரி. அடுத்தது சரி. அடுத்ததும் சரி. எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. “பாத்தீரோ?” என்றேன். “ஓம், பாத்தன்” என்றாள். சிறாங்கை சிறாங்கையாகச் சரியான ரவைகள். வாளியில் பாதி போயிற்று. நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

பிறகு ஒன்று. சன்னம் கழன்று விழுந்தது. கோதைக் கவிழ்த்தேன். மருந்து கொட்டியது. இன்னும் கொட்டியது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் கொட்டிக்கொண்டேயிருந்தது. பேப்பரில் கிடந்த சின்னக் குவியல் சரியாக இரண்டு அளவு. அவள் வலது கையை மேசையில் வைத்திருந்தாள். அதை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். ஐந்து விரலும் இருந்தன.

“அந்த டொக்டர் அட்டை…” என்றேன்.

குப்பையிலிருந்து அன்றைக்கே எடுத்து ஒட்டிவைத்திருக்கிறாள்.

செப்டெம்பர் 19, வியாழன்

டொக்டர் மணிக்கூட்டுப் படம் ஒன்று கீறச் சொன்னார். கீறினேன். இலக்கங்கள் எல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிவிட்டன. மூன்று சொல் சொல்லி, பிறகு கேட்டார். இரண்டு வந்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை. தவத்துக்குத் தெரியும், கேட்கப் பயமாக இருக்கிறது. ரவைக்கு எட்டுத் தருகிறார்கள், நிறுக்கவா சுடவா என்று கேட்கிறார்கள். மனிதருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்த மறதி வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார். மருந்து தந்திருக்கிறார். நிப்பாட்டாதாம், மெதுவாக்குமாம். இரவுக்கு ஒன்று. ஒன்றுதான், மறந்துபோய் இரண்டு போடக் கூடாது என்று தவத்தைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தவம், இதை நீர் வாசியும். ஓகஸ்ட் எட்டிலிருந்து வாசியும். இரண்டு ஞாயிறு உமக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு, தெரிந்துகொண்டே உம்மைச் சுட விட்டேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, எழுத்தில் சொல்கிறேன். என் வாயை இனி நானே நம்ப மாட்டேன். நான் போட்டாச்சு என்றால் நீர் பார்த்துவிட்டு இதன் கீழே எழுதும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, தவம்.

மருந்து போட்டாச்சு.

மருந்து போட்டாச்சு.

வாசிச்சனான். எல்லாம் வாசிச்சனான். ரெண்டு தரம் எழுதியிருக்கிறியள். போட்டது ஒருக்காத்தான். நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். படுங்கோ.
தவம்